55 வயதில் தருவதாகச் சொன்ன பணம்



சம்பள நாளில் பணத்தோடு ஒரு சீட்டும் நம் கைக்கு வருகிறது. இத்தனை நாள் வேலை, இவ்வளவு சம்பளம் என்று எழுதிய பிறகு, கீழே பிடித்தம் என்று சில வரிகள் இருக்கும். அவற்றில் ஒன்று ஊழியர் சேமநிதிக்குப் போகும் பணம். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டிய மாதத்தில் அந்த வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தாய் இல்லை. ஆனாலும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். ஏன்? வயதான காலத்தில் இந்தப் பணம் நம்மிடமே திரும்பி வரும் என்று நமக்கு ஒரு வாக்குத் தரப்பட்டிருக்கிறது.

அப்படிக் கொடுத்த வாக்கின் நாளைத் தள்ளிவைக்கலாம் என்று ஓர் அரசாங்கம் எண்ணினால் என்ன ஆகும்? மக்கள் என்ன சொல்வார்கள்? அவர்கள் சொல்வதால் பயன் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் ஒரு வரலாறு நமக்கு மிக அருகில், ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் நடந்தது. அதைத்தான் இன்றைய உரையில் சொல்லப்போகிறேன். அந்தக் கதைக்குள் போகுமுன் நம் சொந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டங்களில் முதுமைக்கென்று தொழிலாளிக்குச் சேமிப்பு எதுவும் இல்லை. 1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பின்னாளில் அது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் பெற்றது. முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணம் முக்கியமாக ஆட்களைத் தமிழகத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவிடப்பட்டது. உழைக்க முடியாமல் போனவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அதிலிருந்து செலவு செய்தார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்து, ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக் கணக்கான தொழிலாளர்கள் அப்படித்தான் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இளமையை இங்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் அவர்கள். முதுமைக்கு அன்று இருந்த ஏற்பாடு ஒரு கப்பல் சீட்டுத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த நிலை மாறியது. 1951ஆம் ஆண்டு, அக்டோபர் முதல் நாள், மலாயாவில் ஊழியர் சேமநிதி சட்டப்படி அமைக்கப்பட்டது. இத்தகைய நாடு தழுவிய சேமநிதிகளில் உலகிலேயே மிகப் பழைமையானவற்றுள் ஒன்று இது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 100க்கு 5 வெள்ளி, முதலாளி தம் பங்காக இன்னொரு 5 வெள்ளி என்று தொடங்கியது. 55 வயதில் வட்டியோடு முழுத் தொகையும் தொழிலாளியின் கைக்கு வரும் என்பது ஏற்பாடு. காலப்போக்கில் தோட்டத் தொழிலாளர்களும் இந்த நிதியின் உறுப்பினர்கள் ஆனார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியம் வேறு, சேமநிதி வேறு. அரசாங்க ஊழியர் பெறும் ஓய்வூதியம், அவர் உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் வரும். அதை அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து கொடுக்கிறது. சேமநிதி அப்படியில்லை. அது அவரவர் பெயரில், அவரவர் கணக்கில் சேரும் பணம். சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். எடுத்துச் செலவழித்துவிட்டால் அதன்பிறகு மாதம் பிறந்தாலும் பணம் பிறக்காது. ஆகவே சேமநிதி உறுப்பினரின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஒன்றாக இருக்கும். ஒன்று, இது என் பணம் என்ற உரிமை. மற்றொன்று, இது போதுமா என்ற பயம். நாம் பார்க்கப்போகும் வரலாறு முழுவதும் இந்த இரண்டு எண்ணங்களும் மோதிக்கொண்ட வரலாறுதான்.

தோட்டத்தில் இந்தப் பணத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் வீட்டையும் விட வேண்டும் என்பதே நீண்ட காலமாக வழக்கமாக இருந்துவந்தது. முப்பது, நாற்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் மரம் சீவிய குடும்பம், பக்கத்துப் பட்டணத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டுவதென்றால், சேமநிதியை விட்டால் வேறு வழி கிடையாது. மகள் திருமணமும் அதில்தான். மகனின் மேற்படிப்பும் அதில்தான். அந்தப் பணம் வரும் நாள் தள்ளிப்போனால், தலைக்கு மேல் கூரை வரும் நாளும் தள்ளிப்போகும்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே மத்திய சேமநிதி என்ற பெயரில் இதே போன்ற நிதி 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கியது. அங்கும் தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. அங்கும் 55 வயதில் பணம் கைக்கு வரும். 1968ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பணத்தைக் கொண்டு அடுக்குமாடி வீடு வாங்கவும் அனுமதி கிடைத்தது. பிடித்தம் படிப்படியாக உயர்ந்து, 1984ஆம் ஆண்டில் தொழிலாளிக்கு 25, முதலாளிக்கு 25, ஆக மொத்தம் 50 விழுக்காடு என்ற உச்சத்தை எட்டியது. 500 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரின் கணக்கில் மாதந்தோறும் 250 வெள்ளி சேர்ந்தது என்றால் அதன் பெருமளவை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பெரிய பகுதியை மக்கள் மறுக்காமல் விட்டுக்கொடுத்தார்கள். 55 வயதில் வரும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

அந்த 1984ஆம் ஆண்டிலேயே அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. முதியோர் பிரச்சினைகளை ஆராய 1982ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங். அவருடைய குழு 1984ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. முதியோருக்கு நன்மை தரக்கூடிய பல யோசனைகள் அதில் இருந்தன. ஆனால் மக்கள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்த வேண்டும், பிற்காலத்தில் 65 வரையிலும் கொண்டுபோகலாம் என்று அந்த அறிக்கை கூறியது.

குழுவின் காரணங்களையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். சேமநிதி தொடங்கிய 1950களில் சிங்கப்பூரில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் 60 வயதைச் சற்றே தாண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அது 70ஐத் தாண்டிவிட்டது. 55 வயதில் பணத்தை வாங்குபவர் அதைக் கொண்டு முன்பைவிட நீண்ட காலம் வாழ வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. மொத்தமாக வந்த பணம் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனால் முதியவரைக் காப்பாற்றுவது யார்? இந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நம் தோட்டங்களிலும் சேமநிதிப் பணம் வந்த கையோடு மோட்டார் சைக்கிளாகவும் கல்யாண விருந்தாகவும் கடனடைப்பாகவும் போய்விட்ட கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

ஆனால் மக்களின் பக்கமும் நியாயம் இருந்தது. அவர்கள் சொன்னவற்றை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, இது எங்கள் வியர்வை, எங்கள் பணம். 55 என்று சொல்லித்தான் எங்களிடம் பிடித்தீர்கள். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாமா?

இரண்டாவது, அன்று சிங்கப்பூரில் பெரும்பாலான முதலாளிகள் 55 வயதில் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 60 வரையில் வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. வேலை 55இல் நின்று, பணம் 60இல் வந்தால், இடையில் 5 ஆண்டு அடுப்பு எரிவது எப்படி?

மூன்றாவது, சராசரி ஆயுள் என்பது எல்லோருக்கும் பொதுவான ஆயுள் அல்ல. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் 55ம், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் 55ம் ஒன்றாகுமா? மூட்டை சுமந்தவர் 60 வரை இருப்பாரா என்பதே சந்தேகம். அவர் சேர்த்த பணத்தை அவர் கண்ணால் பார்க்காமலே போய்விட்டால்?

நான்காவது, இன்று 60 என்பவர்கள் நாளை 65 என்பார்கள், அடுத்த நாள் என்ன சொல்வார்கள்? இந்த நான்காவதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது. பணம் ஐந்து ஆண்டு தாமதமாவது ஒரு கஷ்டம். இனிமேல் எந்தத் தேதியையும் நம்ப முடியாது என்ற எண்ணம் வந்துவிட்டால், அது அதைவிடப் பெரிய கஷ்டம்.

நேயர்களே, மூன்றாவது காரணத்தை நம் நிலையில் வைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பனியில் நனைந்து மரத்துக்கு மரம் ஓடி, பால் வாளியைத் தோளில் சுமந்தவரின் முதுகெலும்பு, 50 வயதிலேயே தன் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. செம்பனைக் குலையை வெட்டித் தூக்கியவரின் தோளும் அப்படியே. ஓய்வு வயதைப் பற்றி எந்த நாட்டில் பேசினாலும், உடலால் உழைப்பவரின் வயதைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது இதனால்தான்.

சிங்கப்பூரில் எழுந்த எதிர்ப்பு ஊர்வலமாகவோ வேலைநிறுத்தமாகவோ வெடிக்கவில்லை. பத்திரிகைகளுக்கு வந்த கடிதங்களிலும், காப்பிக் கடைப் பேச்சிலும், வேலையிடத்து முணுமுணுப்பிலும் அது பரவியது. எதிர்ப்பின் அளவைக் கண்ட அரசாங்கம், பணம் எடுக்கும் வயதை உயர்த்தும் யோசனையை நிறைவேற்றவில்லை. ஆனால் மனத்தில் விழுந்த கீறல் ஆறவில்லை.

1984 டிசம்பர் 22ஆம் நாள் பொதுத் தேர்தல் நடந்தது. ஹாவ் யூன் சோங் அதில் போட்டியிடவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சி மொத்தம் 79 தொகுதிகளில் 77ஐ வென்றது. வெற்றிதான். ஆயினும் அதற்குக் கிடைத்த வாக்குகள், அதற்கு முந்தைய 1980ஆம் ஆண்டுத் தேர்தலைவிட ஏறக்குறைய 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்து, 65 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வந்தன. ஆன்சன் தொகுதியில் பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினமும், போத்தோங் பாசிர் தொகுதியில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சியாம் சீ தோங்கும் வென்றார்கள். ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். 1981ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் அதே ஆன்சன் தொகுதியை வென்று, பல ஆண்டுகளாக எதிர்க்கட்சியே இல்லாதிருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர் அவர்.

இந்த வாக்குச் சரிவுக்குச் சேமநிதி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டமும் அக்காலத்தில் மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. இளைய வாக்காளர்கள் பெருகியதும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தேர்தலைப் பற்றி எழுதியவர்களில் சேமநிதி விவகாரத்தைக் குறிப்பிடாதவர்களைக் காண்பது அரிது.

இத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. இனிமேல்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது. முதுமைக்கான சேமிப்பை மூன்று வழிகளில் குறைக்கலாம். பணம் தரும் தேதியைத் தள்ளிவைப்பது ஒரு வழி. கணக்கில் சேரும் பங்கைக் குறைப்பது இரண்டாவது வழி. தேதி வந்த பிறகும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்வது மூன்றாவது வழி. முதல் வழியை மக்கள் 1984இல் அடைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மற்ற இரண்டு வழிகளும் திறந்தன.

1985ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பொருளாதாரம் சரிந்தது. சுதந்திர நாடான பிறகு அது கண்ட முதல் பெரும் பின்னடைவு அதுவே. நிலைமையை ஆராய லீ சியன் லூங் தலைமையில் ஒரு பொருளாதாரக் குழு அமைக்கப்பட்டது. ஆள் செலவு மிகவும் உயர்ந்துவிட்டது, அதைக் குறைத்தால்தான் தொழிற்சாலைகள் நிலைக்கும் என்று அது கூறியது. அதன்படி 1986 ஏப்ரல் முதல், முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 500 வெள்ளி சம்பளக்காரருக்கு முதலாளி கட்டியது மாதம் 125 வெள்ளி. அது 50 வெள்ளியாகிவிட்டது. மாதத்துக்கு 75 வெள்ளி குறைவு. ஆண்டுக்கு 900 வெள்ளி குறைவு. கையில் வாங்கும் சம்பளம் ஒரு காசுகூடக் குறையவில்லை. ஆகவே அன்றைய சமையலில் மாற்றம் தெரியவில்லை. மாற்றம் தெரியப்போவது இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. கண்ணுக்குத் தெரியாத வெட்டு என்று இதைச் சொல்லலாம்.

ஆயினும் இதற்கு 1984ஐப் போன்ற கொந்தளிப்பு எழவில்லை. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இதை ஏற்றுக்கொண்டது. ஆலைகள் மூடப்படுவதையும் நண்பர்கள் வேலை இழப்பதையும் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். காரணம் விளங்கியது. சுமையும் ஒரு சாராருக்கு மட்டும் என்றில்லாமல் பொதுவாக இருந்தது. பொருளாதாரம் மீண்டபோது முதலாளியின் பங்கு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 1994ஆம் ஆண்டில் இரு தரப்பும் ஆளுக்கு 20 விழுக்காடு என்ற நிலை வந்தது. மீண்டும் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தபோது, 1999இல் முதலாளியின் பங்கு மறுபடி 10 விழுக்காடாகக் குறைந்தது.

மூன்றாவது வழி 1987ஆம் ஆண்டில் வந்தது. குறைந்தபட்சத் தொகைத் திட்டம் என்று அதற்குப் பெயர். 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்ற விதி அப்படியே இருந்தது. ஆனால் முழுவதையும் எடுக்க முடியாது. தொடக்கத்தில் 30,000 வெள்ளி ஒதுக்கிவைக்கப்பட வேண்டும், அதிலிருந்து 60 வயது முதல் மாதந்தோறும் பணம் வரும் என்று ஆனது. உதாரணமாக ஒருவர் கணக்கில் 40,000 வெள்ளி இருந்தால், 55 வயதில் அவர் கைக்கு 10,000 வெள்ளி. மிச்சம் மாதத் தவணையாக. 1984இல் வாசல் வழியாக வந்து திருப்பி அனுப்பப்பட்ட 60 என்ற எண், 1987இல் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்று சொன்னால் தவறாகாது.

அந்த எண் அங்கேயே நிற்கவும் இல்லை. மாதத் தவணை தொடங்கும் வயது, 1944க்கு முன் பிறந்தவர்களுக்கு 60. 1944 முதல் 1949 வரை பிறந்தவர்களுக்கு 62. 1954இலும் அதன்பின்னும் பிறந்தவர்களுக்கு 65. ஒதுக்கிவைக்க வேண்டிய தொகையும் ஏறிக்கொண்டே போய், 2014ஆம் ஆண்டில் 155,000 வெள்ளி ஆனது. அந்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் பெருங்கூட்டம் கூடி, எங்கள் சேமநிதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று குரல் எழுப்பியது. முப்பது ஆண்டு கழிந்தும் பழைய கீறல் வலித்தது. அதன்பிறகு அரசாங்கம் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்து விதிகளைச் சற்று இளக்கியது. குறைந்தபட்சத் தொகை என்ற ஒரே அளவுக்குப் பதிலாகப் பல அளவுகள் வந்தன.

அப்படியானால் 1984இல் மக்கள் காட்டிய கோபத்தால் பயனே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பயன் இருந்தது. அது என்ன பயன் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

1984ஆம் ஆண்டு அறிக்கை பணத்துக்கான வயதை முதலில் உயர்த்தப் பார்த்தது. வேலைக்கான வயதைச் சட்டமாக்கவில்லை. வண்டி முன்னே, மாடு பின்னே என்ற கதை அது. மக்களின் எதிர்ப்பு இந்தக் கோளாறை எல்லோர் கண்ணுக்கும் வெளிச்சமாக்கியது. ஓய்வு வயதுச் சட்டம் பிறகு வந்தது. 1993ஆம் ஆண்டிலிருந்து 60 வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று ஆனது. 1999இல் அது 62 ஆனது. 2022இல் 63 ஆனது. உழைக்க விரும்புகிறவருக்கு வேலை உண்டு என்ற உறுதி இல்லாமல், பணத்துக்குக் காத்திரு என்று சொல்வது அநியாயம். இந்த உண்மையைத் தங்கள் வாக்குச் சீட்டால் எழுதிக்காட்டியவர்கள் 1984ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் மக்கள்.

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனது. வேலைக்கான வயது முதலில் உயர்ந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2015இல், சேமநிதிப் பணத்தை முழுதாக எடுக்கும் வயதையும் 55இலிருந்து 60ஆக உயர்த்தலாமா என்ற யோசனை எழுந்தது. ஊழியர் சேமநிதி வாரியம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. உறுப்பினர்களிடமிருந்தும் தொழிற்சங்கங்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. முடிவில் 55 என்ற வயது அப்படியே நின்றது. 55க்குப் பிறகும் வேலை செய்பவருக்கு, அந்த வயதுக்குமேல் சேரும் பணம் மட்டும் தனிக் கணக்கில் போய் 60இல் கிடைக்கும் என்ற ஏற்பாடு 2017ஆம் ஆண்டு தொடங்கியது. பழைய வாக்கு பழைய பணத்துக்கு, புதிய விதி புதிய பணத்துக்கு. இது நியாயமான பிரிவு.

கேள்வி இன்னும் ஓயவில்லை. நோய்த்தொற்றுக் காலமான 2020 முதல் 2022 வரை, குடும்பம் நடத்த வழியில்லாமல், உறுப்பினர்கள் சிறப்பு அனுமதியின் பேரில் மொத்தம் 14,500 கோடி வெள்ளியைத் தங்கள் கணக்குகளிலிருந்து எடுத்தார்கள். வயிற்றுக்காக எடுத்த பணத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பலருடைய கணக்கு அதனால் வற்றிப்போனது. 2025 ஜூலையில் முன்வைக்கப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டத்தில், சேமிப்பின் ஒரு பகுதியை மாதாந்திர ஓய்வுத் தொகையாகத் தரும் யோசனை இடம்பெற்றது. உடனே மக்களிடையே கலக்கம் எழுந்தது. புதிதாகச் சேரும் உறுப்பினர்களுக்கே இது என்றும், இப்போது இருப்பவர்கள் விரும்பினால் சேரலாம் என்றும் விளக்கம் தரப்பட்டது. இங்கும் அதே இரண்டு எண்ணங்கள்தான் மோதுகின்றன. இது என் பணம் என்பது ஒன்று. இது போதுமா என்பது மற்றொன்று.

இந்த வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன?

மக்கள் நஷ்டத்தையே பொறுக்கமாட்டார்கள் என்பது சரியல்ல. 1986இல் பெரிய வெட்டைச் சிங்கப்பூர்த் தொழிலாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1984இல் அதைவிடக் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்த ஒரு மாற்றத்தைப் பொறுக்கவில்லை. ஒன்றில் காரணம் கண்முன்னே தெரிந்தது. மற்றொன்றில் கொடுத்த வாக்கை மாற்றுவது மட்டுமே தெரிந்தது. முதுமைக்கான பணத்தைத் தொட நினைக்கும் எந்த அரசாங்கமும், எந்த வாரியமும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முன்கூட்டியே கேட்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த பணத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். உடலால் உழைப்பவரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. ஆயுள் நீள்கிறது என்பது அரசாங்கம் சொல்லும் சாக்கு மட்டுமல்ல. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியே அதற்குச் சாட்சி. 55இல் வாங்கிய பணம் 75 வயதிலும் சோறு போட வேண்டும். கோபம் தேதியைக் காப்பாற்றும். தொகையை வளர்ப்பதும் காப்பதும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே சில காரியங்களை இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் சேமநிதிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் உரிய பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும், கணக்கில் ஏறிய தொகையும் பொருந்துகின்றனவா என்று ஒத்துப்பாருங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது குற்றம். வாரியத்திடம் புகார் செய்யலாம், சங்கத்தின் உதவியையும் நாடலாம். உங்களுக்குப் பின் அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் பதிந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பெயர் பதியாமல் போனவர்களின் குடும்பங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று. இனி ஒருநாள் இந்தப் பணத்தின் விதியை மாற்றப்போவதாகச் செய்தி வந்தால், முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தேதி மாறுகிறதா? பங்கு குறைகிறதா? ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படுகிறதா? பிறகு நான்காவதாக, இது ஏற்கெனவே சேர்ந்த பணத்துக்கா, இனிச் சேரும் பணத்துக்கா என்று கேளுங்கள். விடை தெரிந்த பின் பேசுங்கள். கருத்துக் கேட்கும் காலத்திலேயே சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். தொகுதிப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். விவரம் தெரிந்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது யாருக்கும் எளிதல்ல.

கப்பல் சீட்டோடு வெறுங்கையாய்த் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களுக்கு இல்லாத ஒரு கணக்குப் புத்தகம் நம் பெயரில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரியையும் படிக்கக் கற்றுக்கொள்வது நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.